தாம்பரம் பக்கம் வீடு: வரப்போவதை நம்பி வாங்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவருக்குக் கிண்டியில் வேலை, மனைவிக்குச் சோழிங்கநல்லூரில். கடனையும் சேர்த்து 65 லட்சம் வரை முடியும். மூன்று இடம் பார்த்திருக்கிறார்கள்: கேம்ப் ரோடு பக்கம் உள்ளூர் பில்டர் ஒருவர் கட்டும் எட்டு வீட்டு அபார்ட்மென்ட்டில் ஒரு ஃப்ளாட், முடிச்சூரில் ஒரு தனி மனை, வண்டலூருக்கு அப்பால் பெரிய கேட்டட் கம்யூனிட்டியில் ஒரு ஃப்ளாட். "மெட்ரோ வருது, கிளாம்பாக்கம் பஸ் முனையம் வந்தாச்சு, தாம்பரம் மாநகராட்சி ஆயிடுச்சு, இப்ப விட்டா கிடைக்காது" என்கிறார் புரோக்கர். நம்பி இறங்கலாமா?

இறங்கலாம். ஆனால் புரோக்கர் சொல்லும் காரணங்களுக்காக இறங்காதீர்கள். மெட்ரோ, பஸ் முனையம், மேம்பாலம் எல்லாம் விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டன. அவற்றுக்கான காசை நீங்கள் இன்றைக்கே கொடுக்கிறீர்கள், அவை எப்போது வந்தாலும் சரி. தினமும் உங்களைச் சிரிக்கவோ அழவோ வைப்பவை வேறு: தெருவில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, குடிதண்ணீர் யார் தருகிறார்கள், குழாய் உடைந்தால் போய்ச் சண்டை போட அந்தத் தெருவில் நாலு பேர் இருக்கிறார்களா. இவற்றுக்கு விளம்பரத்தில் இடம் கிடையாது. அதனால்தான் நல்ல தெருவுக்கும் மோசமான தெருவுக்கும் சதுர அடி விலையில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. கவனமாக வாங்குகிறவருக்கு லாபம் இருப்பதும் அங்கேதான்.

பெரிய திட்டங்களைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். கிளாம்பாக்கம் பஸ் முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. அதோடு கூடவே தயாராக இருந்திருக்க வேண்டிய ரயில் நிலையமும், ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும் நடைமேம்பாலமும் அன்று இல்லை. பெட்டியும் பையுமாக ஜனங்கள் அந்தச் சாலையைக் கடந்த காட்சியை எல்லாரும் பார்த்தோம். பெருங்களத்தூர் மேம்பாலம் ஒரே நாளில் வரவில்லை, ஒவ்வொரு கிளையாகத் திறந்தார்கள். குரோம்பேட்டை ராதா நகர் சுரங்கப்பாதை பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோ என்பது சுமார் 15 கிலோமீட்டர் பாதை. அறிக்கை, திருத்திய அறிக்கை, ஒப்புதல் என்று வருடக்கணக்கில் பேச்சில் இருக்கிறது. வரும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உங்கள் இ.எம்.ஐ. அடுத்த மாதமே வந்துவிடும். ஏற்கெனவே ஓடுவதை வைத்துக் கணக்குப் போடுங்கள். பீச் - தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது; தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு அரை மணி நேரம் பக்கம். மேடவாக்கம் மேம்பாலம் 2022-ல் திறந்தபிறகு வேளச்சேரி சாலையில் அந்தப் பகுதி கொஞ்சம் மூச்சு விடுகிறது. கேம்ப் ரோட்டிலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போக முடியும். வண்டலூருக்கு அப்பாலிருந்து என்றால் கேளம்பாக்கம் சாலையில் போய்ச் சுற்றிக்கொண்டுதான் சோழிங்கநல்லூர் இருக்கும் ஓ.எம்.ஆர். சாலையில் ஏற வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு இரண்டு வழியிலும் வண்டி ஓட்டிப் பாருங்கள். யாரிடமும் கேட்க வேண்டாம்.

மாநகராட்சி விஷயத்துக்கு வருகிறேன். 2021 நவம்பர் 3-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகள், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகள், எல்லாம் சேர்ந்து 70 வார்டுகள். போர்டு மாறியது உடனே நடந்தது. பூமிக்கு அடியில் குழாய் மாறுவதற்கு வருடங்கள் பிடிக்கும். பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் பாதாளச் சாக்கடை வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. வேறு பல வார்டுகளில் இன்னும் செப்டிக் டேங்க்தான், கழிவுநீர் லாரிதான். ஆக, "மாநகராட்சிக்குள்ள இருக்கு சார்" என்றால் எந்தப் பழைய நகராட்சி, எந்தப் பழைய பேரூராட்சி என்று கேளுங்கள். வசதிகள் இன்னும் அந்தப் பழைய எல்லைக்கோட்டைத்தான் பின்பற்றுகின்றன. தாம்பரத்தை ஒட்டி இருக்கிறது என்பதற்காக எல்லாமே மாநகராட்சி ஆகிவிடாது. முடிச்சூர் ஊராட்சியாகவே இருந்துவந்தது. இணைக்கப்போகிறார்கள் என்பதை வைத்தே அங்கே மனை விற்கிறார்கள். இணைந்தால் சொத்து வரி கூடும், அது நிச்சயம். வடிகால் எப்போது வரும் என்பது தனிக்கதை.

இப்போது தண்ணீர். இதைத்தான் நான் அதிகம் பேச நினைக்கிறேன்.

2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகு விட்டார்கள். அதற்குப் பிறகு அடையாற்றைத் தூர்வாரினார்கள், அகலப்படுத்தினார்கள், மூடிய வடிகால்கள் கட்டினார்கள். 2023 மிக்ஜாம் புயலில் அதே பக்கம் மறுபடியும் தெருவில் தண்ணீர். செய்த வேலை வீண் என்று சொல்லமாட்டேன். அவை இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் அந்த இடத்தின் நிலஅமைப்பு அப்படி. பீர்க்கன்காரணை, இரும்புலியூர் ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் மேற்கே முடிச்சூர் வழியாகத்தான் அடையாற்றுக்குப் போயாக வேண்டும். தண்டவாளத்துக்குக் கிழக்கே வேறு கணக்கு: சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம், அங்கிருந்து நன்மங்கலம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். உங்கள் மனை இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணிக்குக் கீழே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. சர்வே எண்ணுக்கு எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடம் இணையத்திலேயே எடுக்கலாம். கிராம வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மனையைச் சுற்றி வாய்க்கால், ஓடை, ஏரி உள்வாய் (தண்ணீர் தேங்கும் பகுதி), கலங்கல் (நிரம்பி வழியும் இடம்) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வரைபடத்தில் வாய்க்கால் இருந்து, நேரில் அந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர் இருந்தால், அந்த வாய்க்கால் மழைக்காலத்தில் ஞாபகத்தோடு திரும்பி வரும். அப்புறம் அந்தத் தெரு மளிகைக்கடைக்காரர், இஸ்திரி போடுபவர், எதிர்வீட்டில் வாடகைக்கு இருப்பவர் ஆகியோரிடம் பேசுங்கள். சொந்த வீட்டுக்காரர் "எங்க தெருவுல நிக்காதுங்க" என்பார், வீட்டு மதிப்பு விழக்கூடாதல்லவா. வாடகைக்காரர் ஃபிரிட்ஜை எத்தனை செங்கல் மேல் தூக்கி வைத்தார் என்று சொல்லிவிடுவார்.

கூடவே சாலை மட்டம். ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டு, இருபது வருட வீடுகளின் வாசல் தெருவைவிடப் பள்ளமாகிவிட்ட இடங்கள் இந்தப் பக்கம் நிறைய. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். எல்லாத் தெருவிலும் அது நடக்கிறதா என்றால், குடியிருப்போர் சங்கம் விழித்துக்கொண்டு நிற்கும் தெருவில் நடக்கிறது. ரீசேல் வீடு பார்க்கிறீர்கள் என்றால் வாசல்படிகளை எண்ணுங்கள். தெருவிலிருந்து படி இறங்கி உள்ளே போகிற வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

ஏரியைப் பற்றி இன்னொரு விஷயம். "லேக் வியூ" என்றால் நம் ஆட்களுக்கு ஒரு மயக்கம். சிட்லபாக்கம் ஏரி ஆக்கிரமிப்பில் பாதியளவுக்குச் சுருங்கி, கரையில் குப்பை கொட்டும் இடமாகக் கிடந்தது. ஊர்க்காரர்கள் பல வருடம் மனு போட்டார்கள். 2019 வறட்சியில் இளைஞர்கள் பெரியவர்கள் எல்லாரும் இறங்கி அதில் வேலை செய்தார்கள். அந்த வருடமே அரசு 25 கோடி ரூபாய் அறிவித்துச் சீரமைப்பு தொடங்கியது. இன்றைக்குக் கரையைச் சுற்றி நடக்கிறார்கள், பக்கத்து வீடுகளுக்கு அதனாலேயே மவுசு. ஆனால் அதே சீரமைப்பில்தான் ஏரிப் புறம்போக்கில் இருந்தவர்கள் நோட்டீஸ் வாங்கினார்கள். ஏரி நன்றாவது பட்டா நிலத்துக்காரருக்கு வரம், புறம்போக்கில் வாங்கியவருக்கு இடி. ஒரே கரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. இ.பி. இணைப்பும் வரி ரசீதும் இருப்பதால் மட்டும் புறம்போக்கு பட்டா நிலமாகிவிடாது.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-ல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. 2025-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று நிறுத்தி வைத்தது. மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் யாராவது உங்களுக்கு இடம் காட்டினால், அட்வான்ஸ் கொடுக்கும் அன்றைக்கு அந்தத் தடை எந்த நிலையில் இருக்கிறது என்று வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, உங்கள் எட்டு வீட்டு அபார்ட்மென்ட். இரண்டு கிரவுண்டில் ஸ்டில்ட் பார்க்கிங் (தூண்கள் மேல் கட்டடம், கீழே கார்) வைத்து எட்டு ஃப்ளாட் கட்டுவது தாம்பரத்தின் தேசிய வடிவம் என்றே சொல்லலாம். ஏன் எப்போதும் எட்டு? ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ வீடுகள் எட்டுக்குள் இருந்தாலோ பதிவு தேவையில்லை. 2024-லிருந்து தமிழ்நாட்டில் 14 மீட்டர் உயரம், எட்டு வீடு, 750 சதுர மீட்டர் ஆகிய வரம்புகளுக்குள் உள்ள குடியிருப்புக்குக் கட்டட நிறைவுச் சான்றும் வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நடுத்தரக் குடும்பம் அதிகம் வாங்கும் வகை வீட்டுக்கு, ஆரம்பத்தில் ரெரா கண் இல்லை, முடிவில் சான்று தரும் கண்ணும் இல்லை. சட்டத்தை மீறி யாரும் எதுவும் செய்யவில்லை. பார்க்கும் வேலை மட்டும் முழுக்க உங்கள் தலையில் விழுகிறது.

அதனால் அங்கீகரிக்கப்பட்ட பிளானைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். பிளானில் இரண்டு மாடி, நேரில் மூன்று மாடியா? பக்கவாட்டில் விட வேண்டிய இடம் விட்டிருக்கிறதா? கார் நிறுத்தக் காட்டிய இடத்தில் கடையோ வாட்ச்மேன் வீடோ முளைத்திருக்கிறதா? எட்டுப் பேருக்கும் எழுதும் யு.டி.எஸ். என்ற பிரிக்கப்படாத நிலப் பங்குகளைக் கூட்டினால் மொத்த மனை அளவு வருகிறதா? கூட்டிப் பார்த்தால் குறைகிறது என்றால் மீதி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். நாளைக்கு மொட்டைமாடியில் ஒரு வீடு கட்ட பில்டரே வைத்துக்கொண்டிருக்கலாம். தாய்ப் பத்திரம், குறைந்தது முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேடு, வாரிசுகள் எல்லாரும் கையெழுத்திட்டார்களா என்பதெல்லாம் வக்கீல் பார்ப்பார். "பேங்க் அப்ரூவ்டு" என்பதை வக்கீல் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேங்க் தன் கடன் திரும்ப வருமா என்றுதான் பார்க்கிறது.

கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே மாடம்பாக்கம் பக்கம் போனால் இன்னொன்றும் பாருங்கள். தேனுபுரீஸ்வரர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். பழைய பல்லாவரத்தில் பெருங்கற்கால ஈமச்சின்னங்களை ஒட்டியும் இதே தொல்லை. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைப் பொறுக்கினார். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது. பெருமைதான், ஆனால் அந்தப் பக்கம் மாடி எடுக்க நினைப்பவருக்குத் தொல்லியல் துறை வாசலில் காத்திருக்கும் வேலையும் உண்டு. விமானப்படைத் தளத்தை ஒட்டிய இடங்களுக்கும் தடையில்லாச் சான்று கேளுங்கள்.

முடிச்சூர் மனையை நான் வாங்கமாட்டேன் என்று பட்டென்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அங்கேயும் மேடான தெருக்கள் இருக்கின்றன, வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் பக்கம். எனவே அது அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட்டா, பிறகு வரன்முறைப்படுத்திய மனையா என்று பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த வருடம் வரன்முறைத் திட்டம் வந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு வழி விட்டார்கள். வரன்முறையான மனை சட்டப்படி சுத்தம், கடனும் கிடைக்கும். ஆனால் முறையான லேஅவுட்டில் 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனாலே பத்து சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறதே, அந்த ஓ.எஸ்.ஆர். நிலம் இங்கே பெரும்பாலும் இருக்காது. தெருவும் குறுகல். காகிதம் சரியானாலும், பூங்கா வைக்க இடம் எங்கிருந்து வரும்?

ஓ.எஸ்.ஆர். இருக்கும் லேஅவுட்டிலும் ஏமாற இடம் உண்டு. பூங்காவையும் தெருக்களையும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதிக் கொடுக்காமல் இழுத்தடித்து, பத்து வருடம் கழித்து அதையே மனையாகப் போட்டு விற்றவர்களும் உண்டு. பிளானில் பூங்கா என்று காட்டிய இடத்துக்கு நேரில் போய் நில்லுங்கள். புல் முளைத்திருந்தாலும் பரவாயில்லை, தானப் பத்திர எண்ணைக் கேளுங்கள். எண் இருந்தால் பின்னாளில் உங்கள் சங்கம் அதில் பூங்காவோ நூலகமோ கேட்க முடியும். 'நமக்கு நாமே' திட்டத்தில் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். ஆனால் இடம் உள்ளாட்சியின் பெயரில் இருந்தால்தான் பேச்சே தொடங்கும்.

சங்கம் என்று அடிக்கடி சொல்கிறேன், காரணம் இருக்கிறது. 2022 நவம்பர் 1-ல் முதலமைச்சர் ஸ்டாலின் கலந்துகொண்ட பகுதி சபைக் கூட்டம் நடந்தது இந்த மாநகராட்சியின் பம்மல் 6-வது வார்டில். வார்டுக்குள் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, மக்கள் தங்கள் தேவைகளைச் சொல்லும் ஏற்பாடு அது. அங்கே எழுதிக் கொண்டுபோகிற தெருவுக்கும், வராத தெருவுக்கும் ஐந்து வருடத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். வாங்குவதற்கு முன் அந்தப் பகுதிக் குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளரைப் பார்த்து, கடைசி இரண்டு வருடத்தில் என்ன மனு கொடுத்தார்கள், எது நடந்தது என்று விசாரியுங்கள். வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் மட்டும் போடும் சங்கமா, வடிகால் டெண்டர் நகலை வைத்திருக்கும் சங்கமா என்று ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

வண்டலூர் கேட்டட் கம்யூனிட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை ரெரா தளத்தில் போட்டு ஒப்படைக்கும் தேதி, கார்ப்பெட் ஏரியா (சுவர்களுக்குள் புழங்கும் இடம்), வழக்கு ஏதும் உண்டா என்று பாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை வந்தால் அவர்களே சரிசெய்ய வேண்டும். உள்ளே எல்லாமே பராமரிப்புக் கட்டணத்தில் நடக்கும், கேட்டுக்கு வெளியே எதுவும் உங்கள் கையில் இருக்காது. மனைவியின் சோழிங்கநல்லூர்ப் பயணத்தை நினைத்தால் எனக்கு அது சரிப்படவில்லை.

செலவுக் கணக்கு. 60 லட்சத்துக்குப் புது ஃப்ளாட்டை முதல் விற்பனையில் வாங்கினால், 2023 டிசம்பரிலிருந்து உள்ள முறைப்படி, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத்தாள் 5, பதிவு 2, மொத்தம் 7 சதவீதம்: 4.2 லட்சம். அதே விலைக்கு ரீசேல் என்றால் 9 சதவீதம்: 5.4 லட்சம். கட்டி முடியாத வீட்டுக்கு ஜி.எஸ்.டி. தனி. 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் ஒரு சதவீதம் வருமான வரியாக (டி.டி.எஸ்.) பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். மறந்தால் அபராதமும் உங்களுக்கே. இதோடு போர்வெல், சம்ப் தொட்டி, மரவேலை, முதல் வருட லாரித் தண்ணீர். 65 லட்சம் என்றால் 57, 58-க்கு மேல் விலை பேசாதீர்கள்.

ஆக என் வரிசை: கேம்ப் ரோடு ஃப்ளாட், பிளானும் யு.டி.எஸ்.ஸும் ஒத்துப்போனால். ஒத்துப்போகாவிட்டால் செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் பக்கம் ஐந்தாறு வருடமான ரீசேல் தேடுங்கள். 2 சதவீதம் கூடுதல் செலவுதான், ஆனால் மிக்ஜாமில் அந்தக் கட்டடம் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சிகள் மாடியிலேயே குடியிருப்பார்கள். முடிச்சூர் மனையைப் பார்ப்பதானால் நவம்பர் கடைசி வரை முடிவெடுக்காதீர்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மனைவி பெயரில் பதிந்தால் கட்டணம் குறையுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2025 ஏப்ரலிலிருந்து பெண்களுக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதச் சலுகை உண்டு, ஆனால் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்கு மட்டும். உங்களுக்குப் பொருந்தாது. இருவர் பெயரிலும் பதிந்து, கடனையும் இருவரும் சேர்ந்தே எடுங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களாக இருந்தால் வட்டிக் கழிவை ஆளுக்கு 2 லட்சம் வரை தனித்தனியாகக் காட்டலாம்.